வகுப்பறையில் வந்த அந்த நடுக்கம் ‘நச்சு வெளியேறுவது’ அல்ல

கொங்குப் பகுதியின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 43 வயது, உயரம் 157 செ.மீ. பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை, நான்கு வருடமாகச் சர்க்கரை மாத்திரை. எடை 79 கிலோ ஆனதும் பக்கத்து நகரத்தில் உள்ள எடைக்குறைப்பு மையம் ஒன்றில் சேர்ந்தார். ‘12 வாரத்தில் 12 கிலோ’ என்பது விளம்பரம். கட்டணம் 38,000 ரூபாய். கம்மலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். காலையும் இரவும் அவர்கள் கொடுத்த பவுடரைக் கலக்கிக் குடிக்க வேண்டும். மதியம் காய்கறி சாலட்டும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும். சோறு, இட்லி, தோசை எதுவும் கூடாது. உடற்பயிற்சி என்றால் வாரம் இரண்டு முறை அதிரும் மேடையில் கால் மணி நேரம் நிற்பது, இடுப்பில் சூடு தரும் பெல்ட் கட்டிக்கொள்வது, அவ்வளவுதான். ‘நடந்தால் பசி எடுக்கும், இப்போதைக்கு நடக்காதீர்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

முதல் 5 வாரத்தில் 7 கிலோ குறைந்தது. இது 9-ஆவது வாரம். கடைசி 4 வாரமாக முள் 72-லேயே நிற்கிறது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. மூன்று முறை, காலை பதினொன்றரை மணிவாக்கில் வகுப்பில் பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது கை நடுங்கி, ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்த்து, கண் இருட்டியிருக்கிறது. ஒரு மாணவி கொடுத்த மிட்டாயை வாயில் போட்டதும் சரியானதாம். மையத்தில் கேட்டதற்கு, ‘உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி’ என்றார்களாம். எடை நின்றுபோனதற்கு 16,000 ரூபாய்க்கு ‘கொழுப்பைக் கரைக்கும்’ கேப்சூல் வாங்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஜிம் நடத்துகிறார். ‘சாப்பாட்டை விடுங்க அக்கா, தினமும் ஒரு மணி நேரம் ஒர்க்அவுட் பண்ணா போதும்’ என்பது அவர் கட்சி.

உணவா, உடற்பயிற்சியா? கேப்சூலை வாங்கலாமா? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, கடைசி வரியில், ‘நான்தான் சோம்பேறியா டாக்டர், இல்லை என் உடம்பு வாகே இப்படித்தானா?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன், கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுதான் அவசரம்.

முதலில், அந்தப் பதினொன்றரை மணி

கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டல், இனிப்பு வாயில் பட்டதும் தெளிவு. இவை நான்கும் சேர்ந்து வந்தால், சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு அது இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளம் என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பார். நீங்கள் காலையில் போடுவது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பயம் இல்லை. கிளிமிபிரைடு வேறு மாதிரி. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். காலையில் நான்கு இட்லி சாப்பிட்ட காலத்தில், அந்த நான்கு இட்லிக்கு ஏற்ற அளவாக உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. இப்போது ஒரு டம்ளர் பவுடர் தண்ணீரின் மேல் அதே அளவு மாத்திரையைப் போடுகிறீர்கள். உடம்பும் 7 கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

நச்சு வெளியேறுவது என்று ஒரு நோய்க்குறி கிடையாது. வேண்டாத கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்காக யாருக்கும் கை நடுங்குவதில்லை. மிட்டாய் கொடுத்த அந்தப் பெண்தான் உங்களுக்குச் சரியான முதலுதவி செய்திருக்கிறாள்.

நீங்கள் பள்ளிக்கு ஸ்கூட்டியில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் வந்த இதே நடுக்கம் புறவழிச்சாலையில் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பதிலை வரிசையில் காக்க வைக்காமல் எழுதுகிறேன். நாளை முதல் காலையில் குடிக்கும் பவுடர் ஷேக்கை நிறுத்திவிட்டு, பழையபடி காலை உணவு சாப்பிடுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. நாளைக்கே உங்கள் மருத்துவரைப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர் குறைக்கலாம், அல்லது சர்க்கரையை இப்படித் தாழ்த்தாத வேறு மருந்துக்கு மாற்றலாம். கிளிமிபிரைடு எடையைக் கொஞ்சம் கூட்டும் இயல்புள்ளது. எடை குறைக்க விரும்புகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால், அதையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுவார்.

மறுபடி நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் மறுபடி ஒருமுறை. குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரத்திலேயே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம். தெளிந்த பிறகு எதையாவது வயிற்றுக்குச் சாப்பிடுங்கள். உடனே வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இதோடு இன்னொன்று. காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 6.20-க்கு ஷேக் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான எடைக்குறைப்புப் பவுடர்களில் சோயாப் புரதமோ, சேர்க்கப்பட்ட கால்சியமும் இரும்பும்கூடவோ இருக்கும். இவை உங்கள் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆக, இந்த 9 வாரமாக நீங்கள் போட்ட மாத்திரை முழுதாக வேலை செய்ததா என்பதே கேள்வி. சோர்வுக்கும், முடி கொட்டுவதற்கும், ஏன், எடை நின்றுபோனதற்கும்கூட இதில் ஒரு பங்கு இருக்கலாம். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்ட வைக்கும்.

சேரும்போது, ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று அந்த மையத்தில் யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். இந்த ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். சர்க்கரை நோயாளிக்குப் பட்டினி உணவு எழுதிக் கொடுக்கும் இடத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்றால், அங்கே பொறுப்புள்ள ஆள் யாரும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஏழு கிலோவின் கணக்கு

7 கிலோ கொழுப்பு கரைந்தது, அப்புறம் நான் எதையோ தவறாகச் செய்து நிறுத்திவிட்டேன் என்று வருந்துகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் வயது, உயரம், எடை, வேலை இவற்றை வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு உடம்பு செலவழிப்பது சுமார் 1,800 கலோரி. கொடுத்த உணவு 800 கலோரி இருந்தால் அதிகம். நாள் ஒன்றுக்கு 1,000 பற்றாக்குறை, 35 நாளுக்கு 35,000. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வகுத்தால் நாலரை கிலோ வரும். அப்படியானால் மீதி இரண்டரை கிலோ எது?

ஒரு பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் இட்லியையும் ஒரேயடியாக நிறுத்தியதும் முதல் வாரத்தில் இரண்டும் சேர்ந்து வெளியேறும். எந்த மையத்திலும் முதல் வாரத்து எடை அவ்வளவு அழகாக இறங்குவது இதனால்தான். இன்னொரு பகுதி தசை. கலோரியும் போதாது, தசைக்கு வேலையும் இல்லை என்றால் உடம்பு கொழுப்போடு தசையையும் எடுத்துச் செலவழிக்கும். முடி கொட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். உடம்பு திடீரென இளைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக வரும். நன்றாகச் சாப்பிடத் தொடங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும். ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ஒருமுறை பாருங்கள்.

எடை நின்றது உங்கள் தவறால் அல்ல. 72 கிலோ உடம்புக்கு 79 கிலோ உடம்பைவிடக் குறைவான எரிபொருள் போதும். பட்டினி உடம்பு தானாகவே அசைவைக் குறைத்துக்கொள்ளும். மாடிக்கு ஒருமுறை போக வேண்டிய வேலையை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவீர்கள், உங்களுக்கே தெரியாது. இதைச் சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 79-ல் 7 கிலோ என்பது கிட்டத்தட்ட 9 சதவீதம். 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கண்ணுக்குத் தெரியும் அளவு சீராகும். நீங்கள் அந்த எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். வந்த வழி தவறு, ஆனால் இறங்கிய எடையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். இனி 12 கிலோ என்ற இலக்கை மறந்துவிடுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு 72 மறுபடி 79 ஆகாமல் இருப்பதும், முடிந்தால் மாதம் ஒன்று ஒன்றரை கிலோ குறைவதும் போதும்.

உணவா, உடற்பயிற்சியா?

மையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது, ஜிம் தம்பி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார். பாதி உண்மை இரண்டு பக்கமும் இருக்கிறது.

எடையைக் கீழே இறக்குவது பெரும்பாலும் உணவுதான். உங்களைப் போன்றவர் அரை மணி நேரம் விறுவிறுவென நடந்தால் 120 முதல் 150 கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அரை மணி வியர்க்க நடந்ததை, தாளிக்கும்போது கூடுதலாகச் சாய்ந்த ஒரு கரண்டி எண்ணெய் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் ‘சாப்பாட்டை விடுங்க அக்கா’ என்பதை ஏற்க முடியாது.

ஆனால் இறங்கிய எடை ஏறாமல் இருக்கவும், தசை கரையாமல் இருக்கவும் உடற்பயிற்சி இல்லாமல் ஆகாது. உணவுக் கட்டுப்பாடு மட்டும், உடற்பயிற்சி மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் உணவு மட்டும் என்பவர்களுக்கும் இரண்டும் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் செய்தவர்கள் சுமார் 1.7 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். உடற்பயிற்சி மட்டும் என்றவர்களைவிட 6 கிலோவுக்கும் மேல். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 12 வாரப் பேக்கேஜ் விற்பவருக்கு உடற்பயிற்சி தேவையே படாது, ஏனென்றால் அந்த 12 வாரத்தில் அதன் பலன் எடை இயந்திரத்தில் தெரியாது. அது தேவைப்படுவது 13-ஆவது வாரத்திலிருந்து. அப்போது நீங்கள் அவர்களிடம் இருக்க மாட்டீர்கள்.

அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது அதை ஏறாமல் வைத்திருப்பவர்களின் பதிவேடு அது. முதலில் ஆராயப்பட்ட 784 பேரில் 89 சதவீதத்தினர் உணவு, உடற்பயிற்சி இரண்டையும் மாற்றியவர்கள். உணவை மட்டும் மாற்றி இளைத்தவர்கள் 10 சதவீதம். உடற்பயிற்சி மட்டும், 1 சதவீதம்.

நம் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, நடையும் உணவு மாற்றமும் என்ன செய்யும் என்று பார்த்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. எடை பெரிதாகக் குறையவே இல்லை. அப்படியும் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்திருந்தது. உங்களுக்கு நோய் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது வேறு. ஆனால் எடை இயந்திரத்தின் முள் அசையாத மாதத்திலும் உங்கள் நடை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பணம் வாங்கும் எடைக்குறைப்புத் திட்டம் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வாரம் ஒருமுறை கூடி, எடை பார்த்து, சாப்பிட்டதை எழுதி, பேசிக்கொள்ளும் முறையில் 1963-ல் நியூயார்க்கில் ஓர் இல்லத்தரசி தொடங்கியதுதான் வெயிட் வாட்சர்ஸ். அமெரிக்காவின் பெரிய வணிகத் திட்டங்களை 2015-ல் ஒரு குழு அலசியது. 32 திட்டங்களில் 11-க்குத்தான் நம்பகமான ஆய்வே இருந்தது. ஒரு வருட முடிவில், வெயிட் வாட்சர்ஸில் சேர்ந்தவர்கள் சேராமல் அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிடக் குறைந்தது 2.6 சதவீதமும், ஜென்னி கிரெய்க் என்ற இன்னொரு திட்டத்தில் சேர்ந்தவர்கள் 4.9 சதவீதமும் கூடுதலாக எடை குறைத்திருந்தார்கள். உங்கள் 79 கிலோவுக்கு அது இரண்டிலிருந்து நான்கு கிலோ. உலகத்தின் நல்ல திட்டங்களே ஒரு வருடத்தில் கூடுதலாகத் தருவது இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டால், ‘12 வாரத்தில் 12 கிலோ’ என்ற பலகையைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

அதிரும் மேடையும் சூட்டுப் பெல்ட்டும் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. பெல்ட் கட்டினால் அந்த இடத்தில் வியர்க்கும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். இடுப்புக் கொழுப்பை மட்டும் தனியாக எடுக்கும் வழி உடம்பிடம் கிடையாது.

உங்கள் சமையலறையில்

பேக்கேஜ் முடிந்த பிறகும் நீங்கள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். நான் பார்ப்பது அதை ஒன்றைத்தான். உங்களுக்கு ஷேக், வீட்டில் மற்ற நான்கு பேருக்குத் தனிச் சமையல் என்று எத்தனை மாதம் ஓட்டுவீர்கள்? ‘இப்படிப் பட்டினி கிடந்து யாருக்காக இளைக்கணும்?’ என்று மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்களே, இந்தச் சமையல் அவருக்கும் சேர்த்துத்தான்.

சோறு உங்கள் எதிரி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தட்டில் முக்கால் பங்கு சோறும் ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியலும் இருப்பதுதான் சிக்கல். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. முட்டையின் மஞ்சளைத் தூக்கி எறியத் தேவையில்லை. காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டும், பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பாரும், ஒரு முட்டையும். மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகுதான் இட்லியைக் குறைக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல.

இளைக்கும் காலத்தில் தசையைக் காக்க, கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். உங்களுக்கு 70 கிராம் சுற்றி. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. இதைக் கூட்டும் முன், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று அறிய இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துக்கொள்வது சர்க்கரை நோயாளிக்கு அவசியம்.

எண்ணெய்க்கு ஒரு வழி சொல்கிறேன். என்னிடம் வரும் ஒரு அம்மா எண்ணெய் பாட்டிலின் மேல் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுவார். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். வீட்டில் ஐந்து பேர், அப்படியென்றால் இரண்டரை லிட்டர். முதல் மாதம் நாலரை லிட்டர் ஆயிற்று. நான்காவது மாதம் மூன்றுக்கு வந்தார். யாரும் சாப்பாட்டில் ருசி குறைந்தது என்று சொல்லவில்லையாம். நீங்கள் பள்ளியிலிருந்து வந்ததும் டீயோடு பஜ்ஜி என்று எழுதிய வரியை ஒத்தி வைக்காமல் கவனியுங்கள். அந்த நேரத்துப் பசி நிஜமானது. அதற்குச் சுண்டலோ வேர்க்கடலையோ முன்கூட்டியே வைத்திருந்தால்தான் பஜ்ஜி தோற்கும்.

நடைக்குக் காலை நேரம் உங்களுக்கு ஒத்துவராது. வெறும் வயிற்றில், மாத்திரையோடு நடப்பதும் நல்லதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து கால் மணி கழித்து தெருவில் நடக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் 10 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி 30-க்கு வாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. ஷூ போட்டு நடங்கள், செருப்பு வேண்டாம். பாதத்தில் மரமரப்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். இடுப்புப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். வாரம் இரண்டு மூன்று நாள், கைப்பிடிக்காமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளி 10 முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கித் தோளுக்கு மேல் 10 முறை. மூன்றையும் இரண்டு சுற்று செய்ய கால் மணி ஆகாது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போக விரும்பினால் போகலாம், கற்றுக்கொள்ள அது நல்ல இடம்தான். அதற்கு முன் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் கனமான எடை தூக்கக் கூடாது.

அந்தக் கேப்சூல்

வாங்காதீர்கள். யோசிக்கவே வேண்டாம்.

‘மூலிகை’ என்று எழுதி விற்ற எடைக்குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ரமின் என்ற மருந்து ஒளித்துக் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட மருந்து அது. இந்தியாவும் தடை செய்துவிட்டது. நீங்கள் அனுப்பிய துண்டறிக்கைப் படத்தில், ‘உடல் பருமனும் சர்க்கரை நோயும் அடியோடு போகும்’ என்று இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் தொடர்பான விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமன், சர்க்கரை நோய் இரண்டுமே இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அந்தத் துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எடை குறைக்க வாரம் ஒருமுறை போடுவதாக இப்போது பேசப்படும் ஊசி பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது மருத்துவர் எழுதிக் கொடுத்து, கண்காணித்துப் போட வேண்டிய மருந்து. சர்க்கரையும் எடையும் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பொருந்துமா என்று அவரிடம் கேட்கலாம். மையங்களிலோ இணையத்திலோ வாங்காதீர்கள்.

கட்டிய பணம்

சட்டம் என் துறை இல்லை. ஆனாலும் என்னிடம் வருபவர்கள் இந்த வழியில் போய்ப் பார்த்திருக்கிறேன். ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நோய் விவரம் கேட்காமல் உணவு எழுதிக் கொடுத்ததும், நடக்காத பலனை விளம்பரம் செய்ததும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்று நீங்கள் கேள்வி கேட்கக்கூடிய விஷயங்கள்.

முதலில் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். சண்டை வேண்டாம். உணவுத் திட்டத்தை எழுதியவர் யார், அவர் என்ன படித்தவர், பவுடரில் என்னென்ன இருக்கிறது, மீதி வாரங்களுக்கான பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 38,000 முழுதும் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். மீதி வாரங்களின் பணத்தை, கடிதம் கண்டதும் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள் உண்டு.

உங்கள் கணவர் பணத்தைச் சொல்லித் திட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இந்தப் பதிலின் முதல் பகுதியைக் காட்டுங்கள். இரவு நடைக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

கடைசி வரியில் கேட்டிருந்த கேள்விக்கு: 9 வாரம், நாளுக்கு 800 கலோரியில், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நின்று பாடம் நடத்தியிருக்கிறீர்கள். சோம்பேறி இதைச் செய்ய மாட்டார். உடம்பு வாகு என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. தைராய்டும் கொஞ்சம் இழுக்கும். ஆனால் மாத்திரை அளவு சரியாக இருந்தால் அது எடையை மலைபோல ஏற்றாது.

நாளை மருத்துவரிடம் போகும்போது தைராய்டு மாத்திரை அட்டை, சர்க்கரை மாத்திரை அட்டை, பவுடர் டப்பா மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். நடுக்கம் வந்த மூன்று நாளின் தேதியையும், அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் இப்போதே ஒரு தாளில் எழுதி அந்தப் பையில் வையுங்கள். ஸ்கூட்டி வீட்டிலேயே இருக்கட்டும், பஸ்ஸில் போங்கள்.